கழுத்து வரைக்கும் பெரியம்மா

பெரியம்மாவைக் கழுத்து வரைக்கும் வரைந்து முடித்த அன்றுதான், கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து கடையைக் காலி செய்யச் சொன்னார்.

வரைந்தவள் கிறுக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் நடக்கப் பழகும் முன்பே சுவரெல்லாம் கரியால் கோடு இழுத்தவளைப் பெரியம்மா அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. இப்போது ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். பெரியம்மாவின் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் இருவரும் குடியிருந்தார்கள். துணி வெட்டுகிற மேசை காலியானால் இவள் காகிதத்தை விரிப்பாள், இவள் எழுந்தால் பெரியம்மா துணியை விரிப்பாள். இடச்சண்டை இல்லாத நாளே கிடையாது.

கட்டடத்தின் பக்கச் சுவரில் பெரிய படம் போடச் சொன்னதும் கட்டடக்காரர்தான். "உங்க பெரியம்மா மிஷின்ல உக்காந்து தைக்கற மாதிரி போடும்மா. தெருவுக்கே ஒரு களை வரும்," என்றார். கிறுக்கிக்குத் தலைகால் புரியவில்லை. சாரம் கட்டி ஏறிவிட்டாள். மேலிருந்து கீழே வருவதுதான் முறை, சொட்டுகிற பெயிண்ட் கீழேதான் விழும். இவளோ கீழிருந்து மேலே போனாள். முகம் வரைவதென்றால் அவளுக்கு உள்ளுக்குள் உதறல். அதைக் கடைசிக்குத் தள்ளிப்போட அப்படியொரு வழி.

அப்படி அவள் கழுத்தில் நிற்கும்போதுதான் கீழே பேச்சுக் கேட்டது. கட்டடக்காரருடன் தாடியைச் சீராகக் கத்தரித்த ஒருவர். காபிக்கடை வைக்கப் போகிறவராம்.

"ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதில்லம்மா, இனிமே இந்த இடம் இவருக்கு," என்றார் கட்டடக்காரர். "உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும், தெரியும். ஆனா உங்க படம் எப்பவும் இங்கயே இருக்கும். அதை நான் அழிக்க மாட்டேன்."

பெரியம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். "நான் என்ன செத்தா போயிட்டேன், சுவத்துல படமா மாட்டிட்டு எடத்தை எடுத்துக்கறதுக்கு?"

தாடிக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிறுக்கி சாரத்திலிருந்து இறங்கினாள்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்பது நன்றாகப் புரிந்துபோயிற்று. மேல்மாடி காலியாகக் கிடந்தபோது, "எங்க தெருவுல வெளிச்சம் நல்லா வரும், வாடகையும் குறைவு," என்று தன் வகுப்புக் கூட்டத்தை அழைத்து வந்தவள் யார்? இவள்தான். அவர்கள் வந்தார்கள், படியில் பூச்சட்டி வைத்தார்கள், கதவுக்கு மஞ்சள் அடித்தார்கள், படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார்கள். இதுநாள்வரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்து, "அடடா, எவ்வளவு அசலான தெரு!" என்றார்கள். அசலாக இருந்தவர்களுக்குத்தான் இப்போது சீட்டுக் கிழிகிறது. முதலில் பக்கத்துக் கடையில் சாவி செய்துகொண்டிருந்தவர் போனார். இப்போது பெரியம்மா.

"எல்லாம் என்னாலதான் பெரியம்மா."

"ஆமா, பெரிய மகாராணி இவ! இவ ஒருத்தி நெனச்சதும் தெரு மாறிடுச்சு. எழுந்திரிச்சு சாப்புடு."

அதட்டினாளே தவிர பெரியம்மாவும் சாப்பிடவில்லை. புது இடம் பார்த்தால் ஊர்க்கோடியில் பார்க்க வேண்டும். இங்கே வேலைக்குப் போகிற வழியில் கிழிந்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிப்போகிறவர்கள் அவ்வளவு தூரம் வருவார்களா? அந்தப் பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தைத்ததையே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிறுக்கி மேல்மாடியில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். உச்சுக் கொட்டினார்கள். சோடாபுட்டி என்று அவர்கள் கூப்பிடுகிற கண்ணாடிக்காரன் மட்டும் யோசனை சொன்னான். "இந்தத் தெருவே கெட்டுப்போச்சு. நமக்கும் சீக்கிரம் வாடகையை ஏத்துவாரு. இன்னும் யாரும் கண்டுபிடிக்காத தெருவா பாத்துப் போயிடலாம்."

கிறுக்கிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"அங்கயும் ஒரு பெரியம்மா இருப்பாடா!"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். துடைத்து முடித்து, "சரி, அப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டான். நல்ல பையன், சொன்னால் புரிந்துகொள்வான்.

என்ன பண்ணலாம் என்பது கிறுக்கிக்கு அந்தக் கோபத்திலேயே தெரிந்துவிட்டது. இந்தப் பட்டாளத்தை நம்பித்தானே காபிக்கடையே வருகிறது!

எல்லோரும் சேர்ந்து போய்க் கட்டடக்காரர் மேசையில் மேல்மாடி அறைச் சாவிகளை வைத்தார்கள். "தையல் கடை போனா நாங்களும் போறோம் சார். பூச்சட்டி, மஞ்சக் கதவு எதுவும் இருக்காது. படமும் கழுத்தோட நிக்கும்," என்றாள் கிறுக்கி.

கட்டடக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். அதற்குப் பிறகு தாடிக்காரருக்குப் போன் போட்டார். வந்தவர் சாவிக் குவியலைப் பார்த்ததும், "இவங்க போயிட்டா நான் யாருக்கு சார் காபி ஊத்தறது?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் சாவிக்காரர் இருந்த இடத்தில் உடைந்த நாற்காலிகளும் பழைய தொட்டிகளும் போட்டுப் பூட்டியிருந்தார்கள். அதைக் காலிசெய்து கொடுத்தால் தன் காபிக்கடைக்கு அதுவே போதும் என்றார் தாடிக்காரர். பட்டாளமே இறங்கிக் காலிசெய்தது. தூசியில் சோடாபுட்டி தும்மிய தும்மல் தெருக்கோடி வரை கேட்டது.

பெரியம்மாவுக்குப் புது ஒப்பந்தம் ஆயிற்று. ஐந்து வருடம். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. சாவிக்காரரைத் திரும்ப அழைத்துவர முடியவில்லை என்ற வருத்தம் கிறுக்கிக்கு இருந்தது. ஆனாலும் அன்று அவள் சந்தோஷமாகத்தான் சாரத்தில் ஏறினாள்.

"பெரியம்மா, கொஞ்சம் வெளிய வந்து நில்லு. மூஞ்சி மட்டும்தான் பாக்கி. இப்ப எனக்குப் பயமில்ல."

பெரியம்மா வாசலுக்கு வந்து, கழுத்தோடு நிற்கிற தன்னை அண்ணாந்து பார்த்தாள். கட்டடக்காரரும் தாடிக்காரரும் ஆவலாக நின்றார்கள்.

"வேணாம், அப்படியே விட்டுடு."

"தலையில்லாமலா?"

"என் மூஞ்சி உள்ள மிஷின் முன்னாடி இருக்கு. பாக்கணும்னு நெனைக்கறவங்க கடைக்குள்ள வந்து பாக்கட்டும். சும்மா வர வேணாம், கிழிஞ்சது எதையாவது எடுத்துட்டு வரட்டும்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். தாடிக்காரர் குனிந்து தன் கால்சட்டையின் பிரிந்த விளிம்பைப் பார்த்தார். பிறகு அவள் பின்னாலேயே கடைக்குள் போனார்.