பின்னறைச் சத்தம்

வீடு இப்போது மழலையர் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. பின்னறைச் சுவரில் வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

இரகசியச் சிறை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது அரசாங்கத்தின் வாதம். இருந்தது, இங்கேதான் இருந்தது என்று சொல்ல ஆவணப்படக்காரர்களுக்கு மிஞ்சியவர் அங்கே அடைபட்டிருந்த பஸ் கண்டக்டர் ஒருவர்தான். உள்ளே இருந்த நாளெல்லாம் அவர் கண்ணைக் கட்டியே வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் காதால் தெரிந்தது. இது அந்த வீடு இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் படத்துக்கு வீடு இல்லை.

ஒலிப்பதிவாளர் தொழிலில் கறார். வந்ததும் வராததுமாக மின்விசிறியை அணைத்தார். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். கொல்லையில் இரைந்துகொண்டிருந்த பழைய தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்தினார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டினார்.

கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். காதைத் தீட்டிக்கொண்டார்.

"இது இல்லம்மா," என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே," என்றாள் இயக்குநர்.

"யோசிக்க என்ன இருக்கு? அங்க ஒரே இரைச்சல். இங்க விட்டா ஒரு தூக்கமே போட்டுருவேன்."

இயக்குநரின் முகம் தொங்கிப்போனது. கேமராக்காரர் லென்ஸ் மூடியை எடுத்து மாட்டினார். ஒலிப்பதிவாளருக்கு மட்டும் 'இரைச்சல்' என்ற சொல் காதில் நின்றது. கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டார்.

திரும்பி வந்தபோது கண்டக்டரின் இரண்டு கைகளும் நாற்காலிக்குப் பின்னால் போயிருந்தன. மணிக்கட்டுகள் ஒட்டியிருந்தன. கேமராக்காரர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதானாண்ணே?" என்றாள் இயக்குநர்.

கண்டக்டரின் உதடு அசைந்தது. ஹெட்போனில் மோட்டார்தான் கேட்டது.

"சரியா விழல," என்றார் ஒலிப்பதிவாளர். "இன்னொரு தடவ சொல்றீங்களாண்ணே?"

"அவங்களும் இப்படித்தான் கேப்பாங்க. உங்க அளவுக்கு மரியாதை கிடையாது." கண்டக்டர் குரலை உயர்த்தினார். "இதாம்மா. இந்த ரூம்தான். கேள்வி கேக்கறப்ப மட்டும் இதப் போடுவாங்க. தெருவுக்குக் கேட்டுடக் கூடாதுல்ல."

இந்தத் தடவை எல்லாம் விழுந்தது.

"கைய எடுத்துக்கலாம்ணே," என்றார் ஒலிப்பதிவாளர்.

கண்டக்டர் எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"மோட்டார நிறுத்திடவா?"

"அம்மாவக் கேளுங்க," என்றார் கண்டக்டர். "இன்னும் கேள்வி இருக்கா?"

இயக்குநரின் கையில் இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள் இருந்தன.

"இல்லண்ணே," என்றாள்.

"அப்ப நிறுத்துங்க."