கடைசி வரியில் ஒரு சுவிட்ச்

"வயரை மட்டும் கழட்டிடாதீங்க," என்றாள் சின்னவள்.

மேஜையை ஆளுக்கொரு பக்கம் தூக்கியிருந்த சித்தப்பாவும் எதிர்வீட்டு டிரைவரும் அப்படியே நின்றார்கள். ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது. அக்காவைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டும், இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது இந்த மேஜைதான். மேலே ஒரு வெள்ளைப் பலகை, அதில் கொத்துக் கொத்தாக வயர்கள், ஓரத்தில் வரிசையாக நான்கு சிவப்பு விளக்குகள். அவை மாறி மாறி எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

"வயரோட எப்படிம்மா ரூமுக்குள்ள கொண்டு போறது?" என்றார் சித்தப்பா.

"நீளமாத்தான் இருக்கு சித்தப்பா. மெதுவா நகர்ந்தா போதும்."

"இந்த நேரத்துல இது ஓடலைன்னா என்னவாம்?" என்று டிரைவர் முணுமுணுத்தார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. சின்னவள் வயரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து மேஜையைப் படுக்கையறைக்குள் சேர்த்தார்கள். விளக்குகள் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அவள் வாசலுக்கு ஓடினாள்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். அப்பா அம்மா போன பிறகு லிஃப்டுக்குள் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்துதான் தங்கையைப் படிக்க வைத்தாள். இன்று காலை அதே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கீழ்த்தளத்தில் கதவு திறந்திருக்கிறது. ஏறியவர்கள் "அஞ்சாவது மாடி" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்கள், லிஃப்ட் கிளம்பவில்லை. மாடிக்கு மாடி டாக்டர்கள் இருக்கிற கட்டடம். என்ன பிரயோஜனம்.

சின்னவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் பாடத்துக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைத் தன் கையால் கட்டிக் காட்டவேண்டும். அதற்குக் கீபோர்டு கிடையாது, எட்டு சுவிட்சுகள்தான். ஒன்று என்றால் சுவிட்ச் மேலே, பூஜ்யம் என்றால் கீழே. எட்டையும் சரியாக வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு வரிக் கட்டளை அதன் நினைவில் ஏறும். மின்சாரம் ஒரு நொடி போனால் ஏற்றியது அத்தனையும் மறந்துபோகும். வரிகளை எழுதிவைத்த தாளையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தால் வரி தப்பிவிடும் என்பதால், ஒருவர் வாசிக்க இன்னொருவர் சுவிட்சைப் போடுவதுதான் வழக்கம். வகுப்பில் எல்லோரும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். சின்னவளோடு யாரும் சேரவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை. அவளுக்கு அக்கா இருந்தாள்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, தாளை மடியில் போட்டு வாசித்தாள்.

"ஒண்ணு சைபர்னா எனக்கு நாக்கு குழறுதுடி. மேல, கீழன்னு சொல்றேன். நாள் பூரா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எப்படியோ சொல்லு. தப்பில்லாம சொல்லு."

"சரிங்க மேடம். கீழ, கீழ, கீழ, மேல..."

விளக்குகள் பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை எண்ண வேண்டும். நான்கும் சேர்ந்து எரிந்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நிற்கவேண்டும். அதற்குத்தான் கடைசி வரி. ஆனால் நான்கும் எரிந்தன, நான்கும் அணைந்தன, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது.

சின்னவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "கடைசி வரியில நாலாவது மேல. நீ கீழன்னு சொல்லிட்ட. நில்லுன்னு சொல்றதுக்குப் பதிலா, முதல்ல இருந்து போன்னு சொல்லியாச்சு."

"ஒரே ஒரு சுவிட்சுக்கா இந்தப் பாடு?"

"ஒரே ஒரு சுவிட்சுக்குத்தான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடித்துக்கொண்டிருந்த துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓடுறதைப் போய் ஏன்டி நிறுத்துற? பாவம், ஓடட்டும் விடு. நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து சரியா வாசிக்கிறேன்."

மீதித் துணியை நாற்காலியில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனாள்.

இன்று பதினொரு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகளும் துப்புரவு வேலை செய்பவர்களும் சீருடையோடு வந்தார்கள். கல்லூரியிலிருந்து லேப் சார் வந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்தவர், சின்னவள் படுக்கையறையில் இருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார்.

"டெமோவை அடுத்த வாரம் வச்சுக்கலாம்மா. அதைப் பத்தி யோசிக்காத."

"சரி சார்."

அவர் கண் விளக்குகள் பக்கம் போனது. வாத்தியார் கண், சும்மா இருக்குமா. எண்ணிக்கை ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்க மாட்டேங்குதே. கடைசி வரியில ஒரு பிட் தப்பா விழுந்திருக்கும். சின்ன விஷயம்தான், நான் மாத்திடட்டுமா?"

அவர் கை சுவிட்சுக்குப் போவதற்குள் சின்னவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேருக்குமே திடுக்கென்றது.

"வேணாம் சார்."

"இப்படியே காட்டினா பாதி மார்க் போயிடும்மா."

"தெரியும் சார். அக்கா வாசிச்சு நான் போட்டது."

லேப் சார் கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டார். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அக்காவின் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. போனில்கூட அவள் "சரி, வை" என்பதற்கு மேல் பேசமாட்டாள். நேற்று அவள் வாய்விட்டுச் சொன்ன ஒவ்வொரு "மேல"வும் "கீழ"வும் தப்போடு சேர்ந்து அந்தப் பலகைக்குள் இருந்தது. அது ஓடுகிறவரை அக்கா முழுசாகப் போய்விடவில்லை என்று சின்னவளுக்குத் தோன்றியது. அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, விடமுடியவில்லை.

மயானத்திலிருந்து திரும்பியபோது வீடு ஈரமாக இருந்தது. சித்தி தங்கியிருந்து தரையெல்லாம் கழுவி, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தாள். சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போனாள். பலகைமேல் ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. துண்டுக்கு அடியில் வெளிச்சம் இல்லை.

"தொட்டுப் பார்த்தேன், சூடா இருந்துச்சும்மா," என்றாள் பின்னாலேயே வந்த சித்தி. "தண்ணி ஊத்திக் கழுவுறோமே, ஷாக் கீக் அடிச்சிடப் போகுதேன்னு கழட்டி வச்சேன். படிப்புச் சாமானாச்சே, தூசி படாம மூடியும் வச்சிருக்கேன்."

"சரி சித்தி."

காலையிலிருந்து அழாதவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள். வாய் திறந்து, சத்தம் போட்டு, மூச்சு முட்ட அழுதாள். அக்காவை நினைத்துத்தான் அழுகிறாள் என்று சித்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள். சித்தி நினைத்ததும் சரிதான்.

சாயங்காலம் கிளம்பும்போது சித்தப்பா கேட்டார். "எங்ககூட வந்துடேன். தனியா என்ன பண்ணுவ?"

"காலேஜ் இருக்கு சித்தப்பா."

"நானாவது ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே," என்றாள் சித்தி.

"குழந்தைங்க தேடும் சித்தி. நான் இருந்துக்குவேன்."

அவர்கள் தெருவைத் தாண்டும்வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள். வீட்டில் அக்காவின் செருப்பு, அக்காவின் டிபன் டப்பா, கொடியில் அக்காவின் சீருடை எல்லாம் இருந்தன. பேச்சுக்குரல்தான் இல்லை. அவள் துண்டை எடுத்துவிட்டு பிளக்கைச் செருகினாள். விளக்குகள் கண்டபடி எரிந்து நின்றன. எதிர்பார்த்ததுதான். ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "சைபர், சைபர், சைபர், ஒண்ணு," என்று வாசித்து, நிமிர்ந்து சுவிட்சுகளைப் போட்டாள். மூன்றாவது வரியிலேயே குழம்பிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

"கீழ, கீழ, கீழ, மேல."

இப்போது வந்தது. தனக்குத்தானே உரக்கச் சொல்லி, சொன்னதை மறப்பதற்குள் போட்டு, பொத்தானை அழுத்தி, மறுபடி தாளுக்குக் குனிந்தாள். ஆள் இல்லாத வீட்டில் அது யாரோ யாரையோ மாடிக்கும் தரைக்கும் அழைத்துப் போவது போலக் கேட்டது. ஜன்னலில் வெளிச்சம் மங்கும்போது கடைசி வரிக்கு வந்திருந்தாள்.

"கீழ, மேல, மேல."

நாலாவது மேல என்று தாளில் தெளிவாக இருந்தது. அதை விரலால் மூடிக்கொண்டாள்.

"கீழ," என்றாள்.

மீதி நான்கையும் போட்டுப் பொத்தானை அழுத்தி ஓடவிட்டாள். விளக்குகள் எண்ணத் தொடங்கின. நான்கும் சேர்ந்து எரிந்தன. நான்கும் அணைந்தன. அவள் எழுந்து, நாற்காலியில் நேற்றிலிருந்து கிடந்த மீதித் துணிகளை எடுத்துவந்து மேஜையருகே உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். முதல் விளக்கு மறுபடி எரிந்தது.