உள் தையல்

தையல் பிரித்த ஆஸ்பத்திரி டிரெசர் கபிரியேல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த பத்தாம் நாள் அது. புனிதவதியின் தோலிலிருந்து பட்டு நூல்களை உருவித் தட்டில் போட்டவரிடம், உள்ளே போட்ட தையலை எப்போது எடுப்பது என்று அவள் கணவர் கந்தையா கேட்டார்.

"அத எடுக்க வேணாங்கய்யா. ஆட்டுக் குடல்ல திரிச்ச நூலு. தானா கரைஞ்சு ஒடம்போட போயிரும்."

கந்தையா ரயில்வே கிளார்க். மூன்று தலைமுறையாக மீன் வாடையே படாத யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். ரிக்சா பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாசலில் இறங்கியதும் உத்தரவு போட்டார். அவள் அடுக்களைக்குள் வரக்கூடாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடாது. கரைந்தது இரத்தத்தில் சேரும், இரத்தம்தானே பாலாகிறது என்றார். ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காவலும் இருந்தார். காவலுக்கு நடுவில் மாட்டுத்தோல் சப்பாத்துக்கு மெருகு போட்டார். அது காலுக்கு ஆகும் போலும்.

முதலில் புனிதவதிக்கும் குமட்டத்தான் செய்தது. கசாப்புக் கடைக் கொக்கியில் தொங்கும் ஈரச் சுருள் கண்ணுக்குள்ளேயே நின்றது. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினாள். அடுக்களைக்கு வெளியிலேயே டின் பாலைக் கரைத்துப் புகட்டினாள். பிள்ளை குடித்ததையெல்லாம் கக்கியது. நான்காம் நாள் பச்சையாகப் போனது. வீடெங்கும் புளித்த நாற்றம். அவள் மார்பு கல்லாய்க் கட்டி, பால் ரவிக்கையில் வழிந்து காய்ந்து, அதுவும் நாறியது. பீய்ச்சிச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார் கந்தையா.

ஐந்தாம் நாள் காலை, பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. தொடைத் தோல் தொங்கியது. புனிதவதி பிள்ளையைத் தூக்கி வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்து ரவிக்கையை அவிழ்த்தாள்.

"என்ன செய்யிறாய்? செத்த ஆட்டையோ பிள்ளைக்கு ஊட்டுறாய்?"

"ஆடு எப்பவோ செத்துப்போச்சு. உங்கட பிள்ளை இப்ப சாகுது."

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த மூக்கைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையான அருவருப்பு வந்தது. இத்தனை நாள் தன் வயிற்றை நினைத்துக் குமட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்த மனிதர் தொட்ட உடம்பா இது என்று தோன்றியது.

கந்தையா குளிக்கப் போனார்.

பிள்ளை முதலில் வாயைத் திருப்பியது. பிறகு பற்றிக்கொண்டது. அது இழுக்கும்தோறும் அடிவயிற்றுக்குள் தையல் சுண்டிச் சுண்டி வலித்தது. பின்பக்கம் அவர் வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையை அடுத்த மார்புக்கு மாற்றினாள்.