சீல் உடைக்காத ஒன்பது பெட்டிகள்

"தண்ணியில போட்டா ஊறிப்போயிடும். அவ்வளவுதானே விஷயம்."

"ஊறாது. மேல பிளாஸ்டிக்கு. பத்து வருஷம் கழிச்சு எடுத்தாலும் வெடிக்கும்."

"யாரு சொன்னா உனக்கு?"

"நீதான். போன கிறிஸ்துமஸுக்கு, ரெண்டு கிளாஸ் உள்ள போனதும், எங்க எல்லாரையும் உக்காரவச்சுப் பாடம் எடுத்தியே."

கெத்தின் மறுபடியும் ஜன்னலுக்குப் போனான். வந்த அரைமணி நேரத்தில் ஏழெட்டு முறை போயிருப்பான். ஜன்னலுக்கு வெளியே மழையும், மழைக்குள் ஆடுகளும், ஆடுகளைத் தாண்டி மலைச்சரிவில் இறங்கும் மண்பாதையும் தவிர ஒன்றும் இல்லை. அவன் பார்த்தது பாதையைத்தான்.

"குளம் வேணாம்னா சதுப்புல புதைச்சுடலாம். மூணு மண்வெட்டி ஆழம்."

"ஒரு நாள் எவனாவது வாய்க்கால் வெட்ட வருவான். இல்ல, நரி தோண்டும். நீ வேலை பாக்கிற எடத்துல ஒருத்தன் இப்படிப் புதைச்சா அவனை என்ன பண்ணுவ?"

"காதைத் திருகுவேன்."

"அப்ப உன் காதைத் திருப்பு இந்தப் பக்கம்."

அவன் சிரிக்கவில்லை. என் தம்பி வழக்கமாக இதற்குச் சிரிப்பவன்.

இட்வல் மாமா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் பிளைன்நன்ட் என்ற இந்த மலைப்பண்ணையிலேயே குத்தகைக்கு இருந்து காலத்தை முடித்துவிட்டார். சனிக்கிழமை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். நான் நான்கு நாளாகத் துடைத்துக்கொண்டும் மூட்டை கட்டிக்கொண்டும் இருந்தேன். இன்று காலை பால் அறையில், ஓட்ஸ் கொட்டிவைக்கும் பழைய மரப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஓட்ஸ் இல்லை. தோட்டாக்கள். மேலே சாக்கு விரித்து மூடியிருந்தார்.

எல்லாம் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் போடும் ரவைத் தோட்டாக்கள். பாதி, எனக்கு முன்னால் பிறந்தவை. காகித உறை ஈரத்தில் உப்பி, பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதில் ஒன்றைக் கையில் எடுத்தபோது அது தூங்குகிற ஏதோ பிராணி போலவும், நான் அதை எழுப்பிவிடக்கூடாது போலவும் தோன்றியது. மெதுவாக வைத்துவிட்டுப் போலீசின் சாதாரண எண்ணுக்குப் போன் செய்தேன். அவசர எண் இல்லை.

எடுத்த பெண் பொறுமையாகப் பேசினாள். வீட்டில் இருப்பது குற்றமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் குப்பையில் போடாதீர்கள். எரிக்காதீர்கள். புதைக்காதீர்கள். காரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடாதீர்கள். அடுப்பிலிருந்து தள்ளி, உலர்ந்த இடத்தில், பூட்டி வையுங்கள். துப்பாக்கி லைசென்ஸ் பிரிவிலிருந்து ஆள் இன்றைக்கே வரும். எத்தனை இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்ல முடியுமா?

எண்ணிச் சொன்னேன். பழையது நூற்று நாற்பத்தி மூன்று. அடியில், சீல் உடைக்காத புதுப் பெட்டிகள் ஒன்பது, பெட்டிக்கு இருபத்தைந்து.

பிறகுதான் கெத்தினுக்குச் செய்தி அனுப்பினேன். 'மாமாவின் தோட்டாக்கள் கிடைத்தன, போலீசுக்குச் சொல்லிவிட்டேன், நீ கவலைப்படாதே.' நாற்பது நிமிடத்தில் வர வேண்டிய தூரத்தை அவன் இருபத்தைந்தில் வந்தான். வந்தவன் தொப்பியைக் கழற்றவில்லை.

"யாரை அனுப்புறாங்களாம்?" ஜன்னலில் நின்றபடி கேட்டான்.

"பேரு சொல்லல. பிராசர் அம்மாவாத்தான் இருக்கும். இந்தப் பக்கத்துக்கு வேற யாரு?"

அவன் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

லைசென்ஸ் பிரிவில் இந்த மலைப்பக்கத்தைப் பார்ப்பவர் பிராசர் அம்மா. அவர் என்றால் அவனுக்கு ஏன் இந்தப் பாடு என்பது எனக்குத் தெரியும், பாதியாவது தெரியும். மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் கெத்தின் காட்டுக் காவலன். அங்கே வேட்டைக்காக வளர்க்கும் காட்டுக்கோழிகளைப் பார்த்துக்கொள்வதும், அவற்றைத் தின்ன வரும் காக்கையையும் நரியையும் சுடுவதும் வேலை. அவன் லைசென்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பு பிராசர் அம்மா அவன் வீட்டுக்கு வந்து, துப்பாக்கி அலமாரியின் பூட்டை ஆட்டிப்பார்த்து, டீ குடித்து, கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு போயிருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த வீடு இல்லை. அவன் மனைவி லவ்ரிக்கு இது எட்டாவது மாதம்.

"உனக்கு என்னடா இதுல? மாமாவோட தோட்டா. மாமா செத்துட்டாரு. நீ வரக்கூட வேண்டியதில்ல."

"அந்தப் புதுப் பெட்டி எங்க?"

பால் அறைப் பூட்டைத் திறந்து காட்டினேன். குளிர்ந்த கற்பலகை மேல் ஒன்பதையும் அடுக்கிவைத்திருந்தேன். அவன் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பினான். ஒட்டுத்தாளில் விரல் ஓட்டினான். எல்லாவற்றிலும் சீல் அப்படியே இருந்தது. கடைசிப் பெட்டிக்கு வந்ததும் கையை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணுகூட பிரிக்கலியே," என்றான். குரல் சின்னதாகிவிட்டது. "ஒண்ணுகூட."

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, துப்பாக்கியை டவுன் கடையில் கொடுத்து, லைசென்ஸையும் விட்டு ஆறு வருடம் ஆகிறது. லைசென்ஸ் காட்டாமல் எந்தக் கடையும் ஒரு தோட்டா தராது. இந்தப் பெட்டிகளில் சிலவற்றின் நிறமோ போன வருடம் கடைச் சுவரில் நான் பார்த்த விளம்பரத்தின் நிறம்.

"கெத்தின். நீயா?"

"டவுனுக்குப் போறப்ப ஹாரன் அடிப்பேன்ல. எல்லாரும் அடிக்கிறதுதானே."

எல்லாரும் அடிப்பதுதான். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் ஹாரன் அடித்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருத்திக்கு ஈஸ்ட், ஒருவருக்குக் கால்வலி மாத்திரை, ஒருவருக்கு ஆட்டுப்பூச்சி மருந்து. கேட்ட சாமானை வாங்கிவர மாட்டேன் என்று சொன்ன ஆளை நான் இங்கே பார்த்ததில்லை. பனிக்காலத்தில் ஒருமுறை எனக்காகக் கதவின் கீல் ஒன்றை மூன்று ஊர் தேடி வாங்கிவந்தார்கள்.

"ரொட்டி, புகையிலை, அப்புறம் ஒரு பெட்டி ஆறாம் நம்பர் தோட்டான்னாரு. நானும் வாங்கிட்டேன். மூணு பெட்டி தாண்டினப்புறம்தான் உறைச்சுது. துப்பாக்கி இல்லாத மனுஷனுக்கு எதுக்கு இதுன்னு."

"கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கேக்குறது? பரண்ல வேற துப்பாக்கி ஒளிச்சு வச்சிருக்கீங்களா மாமான்னா? இருக்குடான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? தெரியாம இருக்கிறதே மேல்னு விட்டுட்டேன். அன்னிலேருந்து ராத்திரி இதை நெனச்சுத்தான் புரண்டுட்டு இருக்கேன். அந்த ஆளு பாட்டுக்கு இங்க அடுக்கி வச்சிருக்காரு."

"எதுக்குடா கேட்டாரு அப்போ?"

அவன் பெட்டிகளைப் பார்க்காமல் பேசினான். "ரொட்டின்னா கேட்டுலயே நின்னு வாங்கிக்குவாரு. தோட்டான்னா உள்ள வா, மழையில நனையக்கூடாதும்பாரு. டீ போடுவாரு. ஒரு டஜன் முட்டை குடுப்பாரு. காக்கா இந்த வருஷம் எப்படின்னு கேப்பாரு. ஒரு மணி நேரம் ஓடிடும்."

அடுப்பங்கரையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்க யாரும் போகவில்லை.

கெத்தின் சட்டென்று நகரத் தொடங்கினான். இரண்டு பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கினான். "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. நான் வச்சுக்கலாம். வண்டியில போட்டுட்டா என்னோடது. பழசை மட்டும் அவங்க எடுத்துட்டுப் போகட்டும்."

"வை அதை."

"ஏன்?"

"எண்ணிச் சொல்லிட்டேன். ஒன்பதுன்னு."

"ஏன் எண்ணின?"

"கேட்டாங்க, எண்ணினேன்."

"பதில் சொல்லாம இருக்க உனக்குத் தெரியவே தெரியாதா? சின்ன வயசுலேருந்து இதே. யாரு கண்ணாடிய ஒடச்சான்னு கேட்டா கல்லு எவ்வளவு பெருசுன்னும் சேத்துச் சொல்லுவ."

"நீயே சொல்லிடேன் அவங்ககிட்ட. மாமாவுக்கு வாங்கிக் குடுத்தேன், தப்புன்னு தோணல, ஒரு தோட்டாகூட வெடிக்கலன்னு. அந்தம்மாவும் இந்த ஊர்க்காரிதான், அவங்களும் ஹாரன் அடிக்கிறவங்கதான்."

அவன் பெட்டிகளைத் திரும்ப வைத்தான். நேராக வைத்தான், விளிம்பு விளிம்போடு சேர. "ரெண்டு வாரம் முன்னாடி என் வீட்ல உக்காந்து கேட்டாங்க. வேற யாருக்காவது தோட்டா வாங்கித் தந்திருக்கியான்னு. லவ்ரி பக்கத்துல இருந்தா. இல்லன்னேன்."

கீழே கேட் சங்கிலி விழும் ஓசை கேட்டது.

பிளைன்நன்ட் பாதையில் மூன்று கேட். ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, திறந்து, ஏறி, உள்ளே வந்து, மறுபடி இறங்கி மூட வேண்டும். ஆடுகள் மேயும் காலத்தில் யாரும் மூடாமல் வரமாட்டார்கள். கெத்தின் வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், பால் அறைக்குள் எட்டிப்பார்த்தான், கெட்டிலைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டான். இரண்டாவது கேட். நான் மேசையைத் துடைத்தேன், ஏற்கனவே துடைத்த மேசையை. மூன்றாவது கேட் திறந்து வெகுநேரம் கழித்து மூடியது போல் இருந்தது. ஒருவேளை ஆடு ஏதும் குறுக்கே நின்றிருக்கும்.

பிராசர் அம்மா அறுபதை நெருங்குகிறவர். குட்டையான உருவம், பெரிய ரப்பர் பூட்ஸ். வாசலில் நின்று மழையை உதறினார்.

"இட்வல் போனது கஷ்டமா இருந்துச்சும்மா. சாவுக்கு வர முடியல, முட்டி வலி." பிறகு கெத்தினைப் பார்த்தார். "நீ இங்க என்னப்பா பண்ற, காக்காயெல்லாம் லீவா?"

"அக்காவுக்குத் துணைக்கு," என்றான்.

"உன் அக்காவுக்குத் துணையா? நாலு ஆட்டை ஒத்தையில தூக்குறவ."

பால் அறையில் அவர் கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். உப்பியவற்றைத் தனியாக, நல்லவற்றைத் தனியாக, அடி தளர்ந்து ரவை கொட்டும் சிலவற்றை இன்னும் தனியாக வைத்தார். ஒவ்வொன்றையும் முட்டை போலப் பிடித்தார். உள்ளே மெத்தை வைத்த பெட்டியில் அடுக்கினார்.

"உங்க மாமா இதையெல்லாம் அடுப்போட கீழறையில வச்சுக் காயவைப்பாரு தெரியுமா? நான் மொத மொதல்ல இங்க வந்தப்ப, உள்ள கேக்கு வேகுதுன்னு நெனச்சுக் கதவைத் திறந்துட்டேன். அன்னிக்கு ஒரு வருஷம் ஆயுசு போச்சு."

"எங்க கொண்டுபோவீங்க?" என்று கேட்டேன்.

"குண்டைச் செயலிழக்க வைக்கிற ஆளுங்க மாசத்துக்கு ஒரு தடவை வருவாங்க. அதுவரைக்கும் எங்க இரும்பறையில. அவங்க அதுக்குன்னு உள்ள எடத்துல அழிச்சுடுவாங்க. நீ செஞ்சது சரி. நெறைய பேரு ஆத்துல கொட்டிட்டுப் பேசாம இருந்துடுறாங்க."

கெத்தின் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். அவன் பூட்ஸ் ஈரக் கல்லில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

பழையது முடிந்தது. அவர் ஒன்பது பெட்டிகளிடம் வந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார், ஒட்டுத்தாளைப் படித்தார், வைத்தார். இன்னொன்றை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றி, படிவத்தை விரித்து, பேனாவைத் தட்டினார்.

"நெரிஸ், வீட்டுப் பொறுப்பு உன்னுது, அதனால கையெழுத்து உன்னுது. பழசுக்கு இட்வல்னு போட்டுட்டேன், அவர்கிட்ட லைசென்ஸ் இருந்தப்ப வாங்கினது. புதுசுக்கு, எப்படி வந்துச்சுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விடக்கூடாது." அவர் யாரையும் பார்க்காமல் நிமிர்ந்தார். "வண்டியில இன்னொரு பெட்டி கெடக்கு. எடுத்துட்டு வர்றேன். முட்டி இருக்கிற லட்சணத்துக்குக் கொஞ்சம் நேரமாகும்."

வாசல் கதவு சாத்திக்கொண்டது. ரப்பர் பூட்ஸ் சேற்றில் மெல்ல மெல்லப் போயிற்று.

படிவம் கற்பலகை மேல் கிடந்தது. அந்தக் கட்டம் தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய கோடு, அதற்கும் கீழே, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று அச்சடித்த ஒரு வரி. கெத்தினின் பூட்ஸ் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து முதல் முறையாக அவன் அசையாமல் நின்றான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான், மாமாவின் கல்லறையில் நின்றது போலவே.

வெளியே வண்டியின் பின்கதவு திறந்தது, மூடியது.

"தெரியாதுன்னு எழுது," என்றான். "ஒரே ஒரு வார்த்தை. நெரிஸ், எனக்காக எழுதேன்."