மூடியிருந்த துளைகள்

டிரம்மின் பக்கவாட்டுத் துளைகளை மூடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அவை ஏற்கெனவே மூடித்தான் இருந்தன.

அந்த ஆஸ்பத்திரியில் அறுவைத் துணிகளை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்குகிற அவளுக்கு ‘நீராவி அக்கா’ என்றே பெயர். ஆவி உள்ளே போகத் துளைகளைத் திறந்து வைத்து, துணி அடைத்த டிரம்மை ஆவி மெஷினில் ஏற்ற வேண்டும்; இறக்கியதும் மூட வேண்டும். பதினோரு வருஷப் பழக்கம்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றார் சலவைக்காரர்.

“காலையில டிரம்மை ஏத்தும்போது துளையைத் திறந்தேனா தம்பி?”

“நான் எங்க பார்த்தேன்? உங்க சம்பந்தியம்மா கதையில சொக்கிப்போயிருந்தேன்ல!”

அவள் மூடியைத் திறந்தாள். துணிகளுக்கு நடுவே வைத்த சீட்டு, ஆவி பட்டிருந்தால் கறுத்திருக்கும். வெள்ளைவெளேரென்று இருந்தது. வெளியே ஒட்டிய டேப் மட்டும் சூட்டில் கறுத்திருந்தது. கூடவே வெந்த இன்னொரு டிரம்மை ஆபரேஷன் தியேட்டர் ஆள் முதலிலேயே இறக்கி அவசரமாகத் தூக்கிப் போய் இரண்டு மணி நேரமாகிறது.

“இதை யாரும் தொடாம பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தியேட்டர் மூலையில் காலி டிரம் கிடந்தது. அடியில் ஒட்டிக்கிடந்த சீட்டை எடுத்தாள். அதுவும் வெள்ளை.

“டேப் கறுத்திருந்துச்சே! அதைப் பார்த்துத்தான் பிரிச்சேன்” என்றாள் தியேட்டர் சிஸ்டர்.

“உள்ள இருக்கிற சீட்டை?”

சிஸ்டர் கதவைச் சாத்தினாள். “குடல்வால் கேஸ், சின்ன வெட்டு. தையலும் போட்டாச்சு. ஒண்ணும் ஆகாது. போன மாசம்தான் உங்களுக்கு மெமோ வந்துச்சு. இன்னொண்ணு வந்தா வீட்டுக்குத்தான், தெரியும்ல?”

“எனக்காகத்தான் சொல்றீங்களாக்கும்!”

“எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்க்கா. வாயை மூடிக்கிட்டுப் போங்க.”

வெளியே பெஞ்சில், ஆபரேஷன் முடிந்த பெண்ணின் அம்மா மகளின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க உள்ள வேலை பார்க்கிறவங்கதானே? இனிமே பயமில்லதானே, அக்கா?”

தலையை ஆட்டினால் போதும். சீட்டை விரல்களுக்குள் இறுக்கியபடி அவள் டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

“டாக்டர், காலையில வந்த டிரம்முக்குள்ள ஆவி போகல.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “யார் ஏத்தினது?”

“நான்தான்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மருந்தை மாத்தணும். காய்ச்சல் வருதான்னு கிட்டவே இருந்து பார்க்கணும். வருமா வராதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. நீங்க நடந்ததை எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட நான் பேசுறேன்.”

“நானும் வர்றேன் டாக்டர்.”

“உங்களைத் திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்துவிட்டாள். செருப்பு ஒன்று மடியிலிருந்து விழுந்தது.

“என்ன... ரெண்டு பேரா வர்றீங்க?”