சிவசங்கரி டீச்சரின் பம்ப்

இருமக்கூடாது. வேறு எந்த நாளில் வேண்டுமானாலும் இருமிக்கொள்ளலாம். அந்த அம்மாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிற இன்றைக்கு மட்டும் கூடாது. மூச்சை மேலாகவே இழு. அடிவரைக்கும் போனால்தானே கிளறும், போகவிடாதே.

தனக்குத் தானே இப்படிச் சொல்லிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு, சிவசங்கரி மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பங்காருபாளையத்துக்கு வெளியே, மாந்தோப்பு ஒன்றை வெட்டிச் சமன்படுத்திக் கட்டிய இங்கிலீஷ் மீடியம் பள்ளி அது. மறுநாள் ஆண்டு விழா. இன்றைக்கு ஒத்திகை. சுற்றிலும் மீதியிருந்த தோப்புகளில் மரம் முழுக்கப் பூ பூத்திருந்தது. பூ உதிராமலிருக்க யாரோ காலையிலிருந்தே மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மதில் தாண்டி மைதானத்துக்குள் வந்து தங்கிவிட்டிருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது சுலோசனா. திருப்பதிக்காரி. அவள் மகன் சீனு சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். அமெரிக்காவுக்கு அனுப்பப்போகிறார்கள், அதற்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று வீட்டில் அவசரம். பள்ளியின் கரஸ்பாண்டென்ட் திருவேங்கடம் அவளுக்குச் சித்தப்பா மகன். சிவசங்கரியைக் காட்டிச் சம்பந்தம் பேசியவரும் அவர்தான். "சும்மா ஸ்கூலைப் பாத்துட்டுப் போறேன்" என்று அவர் காரிலேயே வந்திருந்தாள். சும்மா என்றால் என்ன என்பது ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும்.

"உக்காந்திருக்கற தோரணையைப் பாருடி, உனக்குப் பரீட்சை வெக்க வந்த மாதிரி" என்று கேசியா டீச்சர் காதில் கிசுகிசுத்தாள். அவள் மேடைக்காகத் தெர்மாகோல் எழுத்துகளை பிளேடால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்க வெக்காதே" என்றாள் சிவசங்கரி. சிரித்தால் இருமல் வரும்.

பாலசமுத்திரத்தில் அவள் வீட்டில் இந்த மூச்சிரைப்புக்கு இழுப்பு என்று பெயர். வீட்டுக்கு வெளியே அதற்குப் பெயரே கிடையாது. "பொண்ணுக்கு இழுப்புன்னு ஒரு வாயில பட்டா போதும், திருப்பதி வரைக்கும் ஓடிடும்" என்று அம்மா ரத்னம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த, மருந்தை வாயால் உறிஞ்சுகிற நீல நிற பம்ப் கைப்பையின் உள்ளறையில், யாரும் கை வைக்கத் தயங்குகிற மாதவிடாய்த் துணிகளுக்கு அடியில் இருக்கும். மூச்சு அடைக்கும்போது பாத்ரூமுக்குப் போய், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இழுத்துக்கொள்வாள்.

"தண்ணி வரி போடறதா இருந்தா உனக்குத்தான் முதல்ல போடணும்" என்று கேசியா கிண்டல் செய்வாள். அவள் எவ்வளவு தெரிந்துகொண்டிருந்தாள் என்று சிவசங்கரி கேட்டதில்லை.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. நைனா நாகையா அடுத்தவர் தோப்புகளில் முதுகில் மருந்து டின்னைச் சுமந்து திரிந்தவர். இன்று அவர் பேரிலேயே தோத்தாபுரி மாமரங்கள் நிற்கின்றன. அதைவிடப் பெரிதாக, தெருவில் யாரைப் பார்த்தாலும், "எம் பொண்ணு எம்.எஸ்ஸி. மேக்ஸு. திருப்பதில படிச்சது" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பெருமை மேடு பள்ளம் இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும் அவருக்கு. அதில் இழுப்புக்கு எங்கே இடம்? நைனாவின் பெருமைக்குள் தான் ஒரு திருட்டுப் பொருளை ஒளித்து வைத்திருப்பதாகவே சிவசங்கரி எப்போதும் நினைத்துக்கொள்வாள்.

கோலாட்டம் ஆரம்பித்தது. நடுவில் ஆடியவள் ஏழாம் வகுப்பு பத்மாவதி. அவள் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவதையும், பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொள்வதையும் சிவசங்கரி வகுப்பில் கவனித்திருக்கிறாள். ஒளிக்கிறவளுக்கு ஒளிக்கிறவளைத் தெரியும். அதனாலேயே இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டதில்லை.

பாட்டு வேகமெடுத்தது. பத்மாவதியின் கோல் ஒரு தட்டு தவறியது. இன்னொன்று தவறியது. கோல்கள் கீழே விழுந்தன. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

"பிட்ஸு! பிட்ஸு!" என்று கத்திக்கொண்டு ஓடினார் பி.டி. மாஸ்டர் பழனி. "படுக்க வைங்க! காலப் புடிங்க! யாராவது இரும்பு குடுங்க, இரும்பு!"

பெண்ணைத் தரையில் மல்லாத்தினார்கள். கூட்டம் சூழ்ந்துவிட்டது. ஆயாம்மா முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் பஞ்சும் டிங்ச்சரும் ஒரு தைல டப்பாவும் இருந்தன. எல்லோருக்கும் முந்திக்கொண்டு எழுந்தவள் சுலோசனாதான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி, பத்மாவதியின் விரல்களைப் பிரித்து உள்ளே வைத்து மூடினாள்.

"கெட்டியா புடிச்சுக்கோம்மா, தல்லி. இரும்பு பட்டா நின்னுடும். எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு பையனுக்கு இப்படித்தான் வரும். ஒண்ணும் ஆவாது, புடிச்சுக்கோ."

அவள் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது. நல்ல பெண்மணி என்று சிவசங்கரிக்கு அந்த நேரத்திலும் தோன்றியது. அதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

ஆட்டோவைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது. ஆஸ்பத்திரி தூரமில்லை. பம்பைக் கேசியாவின் கையில் கொடுத்து, ஆட்டோவுக்குள் வைத்து யாருக்கும் தெரியாமல்... என்று மனம் ஓடியது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே பத்மாவதியின் கழுத்துக் குழி தெரிந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது. மூச்சு அடைக்கும்போது மல்லாந்து படுத்தால் எப்படியிருக்கும் என்று இந்த மைதானத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தியால் பேச முடியாது.

சிவசங்கரிக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். யார்மேல் என்று யோசிக்க நேரமில்லாத கோபம்.

"மாஸ்டர், கால விடுங்க."

"நீங்க தள்ளுங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாது..."

"எனக்குத் தெரியும். விடுங்க. காத்து வரட்டும், எல்லாரும் தள்ளி நில்லுங்க."

பத்மாவதியைத் தூக்கி உட்கார வைத்து, தன் முழங்கால்மேல் முன்னால் சாய்த்துக்கொண்டாள். மூடிய விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தை எடுத்து, சுலோசனாவின் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

"இது பிட்ஸு இல்லீங்க அத்தை. இழுப்பு."

பிறகு கைப்பையைத் தரையில் கவிழ்த்தாள். துணி, சீப்பு, பஸ் பாஸ், எல்லாம் எல்லோர் கண்முன்னாலும் விழுந்தன. நீல பம்ப் கடைசியாக விழுந்தது.

"கேசியா, அந்தத் தண்ணி பாட்டில் அடியில ஓட்டை போடு. இது வாய் நுழையற மாதிரி. மருந்து வீணாவாம உள்ள போகும்."

கேசியா ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு பிளேடை வைத்து வெட்டினாள். சிவசங்கரி பம்பைக் குலுக்கி ஓட்டையில் செருகி, பாட்டிலின் வாயை பத்மாவதியின் உதட்டில் வைத்தாள்.

"கவ்விக்கோ. என்னையே பாரு. நான் இழுக்கற மாதிரி இழு."

பம்பை அழுத்தினாள். பெண்ணுக்குக் காட்டுவதற்காகத் தானும் அடிவயிறு வரைக்கும் மூச்சை இழுத்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும் கிளம்பியது. குலுங்கிக் குலுங்கி இருமினாள். மைதானமே கேட்கும்படி இருமினாள். இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, நீ இழு. மெதுவா. இன்னொரு தரம்" என்றாள்.

இன்னொரு தரம். பிறகு இன்னொன்று. கழுத்துக் குழி உள்ளே போவது குறைந்தது. சாம்பல் நிறம் கலைந்து உதட்டில் ரத்தம் வந்தது. பத்மாவதி பாட்டிலை விலக்கினாள்.

"மிஸ்... உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"நீங்க எம்.எஸ்ஸி. எல்லாம் படிச்சீங்களே?"

"இழுத்துக்கினேதான் படிச்சேன்."

சுற்றி நின்ற பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். பத்மாவதியும் சிரித்தாள், நடுவில் நிறுத்தாமல். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது சிவசங்கரிக்குள் ஏதோ நிமிர்ந்தது. பட்டமளிப்பு விழாவில் நைனா முதல் தடவையாகச் செருப்பு போட்டுக்கொண்டு வந்து கைதட்டியபோதுகூட அவள் இப்படி நிமிர்ந்ததில்லை. அன்று அவர் கைதட்டியது ஒரு பாதிப் பெண்ணுக்கு. இன்று முழுசாக இருந்தாள்.

கேசியா பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நேரத்துக்கு மருந்து போயிருக்கிறது, கொஞ்ச நேரம் இருக்கட்டும், பயமில்லை என்று டாக்டர் சொன்னதாக மத்தியானத்துக்குள் தகவல் வந்தது.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு கரஸ்பாண்டென்ட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திருவேங்கடம் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. நீ பண்ணது சாமானியம் இல்ல. நாளைக்கு மேடைல சால்வை போத்தப் போறேன், சரியா?" கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஆனா ஒண்ணு. அக்கா அப்பத்திலிருந்து ஒண்ணும் பேசல. கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'அந்த மருந்து ஸ்கூல்துதானே?'ன்னாங்க."

சிவசங்கரி மடியிலிருந்த பம்பைப் பார்த்தாள்.

"புரியுதா? அவங்களுக்குக் கண்ணு இல்லாம இல்ல. வாசல் கதவைத் தொறந்து வெச்சிக்கினு நிக்கறாங்க. நீ உள்ள வந்தா போதும். ஸ்கூல் பெட்டில இருந்ததை உஷாருக்கு டீச்சர் பைல வெச்சிருந்தாங்கன்னு ஒரு வார்த்தை. பத்மாவதியோட அம்மா அப்பாவும் வந்திருக்காங்க. அவங்க எதிர்லயே சொல்லிடு. ஸ்கூலுக்கும் பேரு, உனக்கும் கல்யாணம்." மேசைமேலிருந்த செல்போனை எடுத்து நீட்டினார். "உங்கம்மா."

"என்னடி பண்ணி வெச்சே?" ரத்னம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அந்த சார் நமக்கு சாமி மாதிரிடி. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு. நைனா தோப்புல இருக்குது, ஒண்ணும் தெரியாது அதுக்கு."

"அந்தப் பொண்ணு பொழச்சுக்கிச்சும்மா."

"நல்லது. நான் உன்னைப் பத்திக் கேக்கறேன்."

"நானும் என்னைப் பத்தித்தாம்மா சொல்றேன்" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

சீனுவின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரே தடவைதான் பேசியிருக்கிறாள், அவன் குரல் பிடித்திருந்தது. அமெரிக்காவில் குளிர் அதிகம் என்றான். எந்தக் குழாயைத் திறந்துவிட்டு அங்கே மூச்சு விடுவது என்றுதான் அப்போது அவள் யோசித்தாள். அவனிடம் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு அதை யோசித்தாள்.

வராந்தாவில் சுலோசனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தூணோரம் பத்மாவதியின் பெற்றோர் கன்னையாவும் பொன்னியம்மாவும் நின்றிருந்தார்கள். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள், தலையில் கட்டிய துணியோடே ஓடி, ஆஸ்பத்திரியில் மகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பொன்னியம்மா சிவசங்கரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

திருவேங்கடம் முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்து வராந்தா மேசைமேல் வைத்துத் திறந்தார்.

"பாத்துக்குங்க. நம்ம ஸ்கூல்ல இழுப்புக்கு மருந்து எப்பவும் இருக்கும். பயப்படாதீங்க. சொல்லு டீச்சர்."

பொன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயே இருக்குதா சார்? டாக்டரு எழுதிக் குடுத்தது ஒண்ணு எங்ககிட்டயும் இருக்குது. பிள்ளைங்க பாத்தா கேலி பண்ணும்னு அரிசிப் பானைல போட்டு வெச்சிருக்கிறேன். அப்ப அது அங்கயே இருக்கட்டும், இவ பைல வெக்க வேணாம். அப்படித்தானே டீச்சர்?"

எல்லோரும் சிவசங்கரியைப் பார்த்தார்கள். சுலோசனாவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஸ்கூல்துதானம்மா அது?" என்றாள் மெதுவாக.

"இல்லீங்க அத்தை. என்னோடது. சின்ன வயசிலிருந்தே எனக்கு இருக்குது." பொன்னியம்மாவின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பெட்டில ஒண்ணும் இல்லைங்க. பானைல இருக்கறதை நாளைக்கே எடுத்து அவ பைல வெச்சு அனுப்புங்க. யாராவது கேலி பண்ணா என்கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க."

சுலோசனா சற்று நேரம் அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு தோப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது முடிவா, யோசனையா என்று சிவசங்கரிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பும் அவளுக்குள் இல்லை. மார்பு லேசாக இருந்தது.

திருவேங்கடம் இன்னும் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா, சொன்னது சொல்லிட்டே. இப்பவாவது அதை இதுக்குள்ள போட்டுடு. பூட்டி சாவியை நான் வெச்சுக்கறேன். நாளைக்கு விழாவில நாலு பேர் கண்ணுல படவேணாம்."

சிவசங்கரி பம்பின் மூடியைச் சரிபார்த்து, பை இல்லாத புடவையில் எங்கே வைப்பது என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சார். ஸ்கூலுக்கு வேற ஒண்ணு வாங்குங்க. இது எனக்கு வேணும்."