ஸ்ரீபெரும்புதூர் தாண்டாத வண்டி

கூட்டினால் எட்டு வருகிறதாம். அதனால் வேண்டாமாம்.

பூந்தமல்லியில் பால்ராஜ் சார் வீட்டு போர்ட்டிகோவில் விலைக்கு நின்ற காரை, என் வீட்டுக்காரர் எத்திராஜ் ஒரு தடவைகூடச் சுற்றி வரவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை, டயரைத் தட்டிப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டின் முன்னால் நின்றார். ரெண்டு, ஒன்பது, பூஜ்யம், ஆறு. விரல் மடக்கிக் கூட்டினார். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

எட்டு சனியோட நம்பர், இதை எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று தெருவில் நின்றபடியே சொன்னார். உள்ளே எங்களுக்காகக் காபி ஆற்றிக்கொண்டிருந்த சாரின் மனைவி ஞானசௌந்தரி அம்மாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அந்தக் காபியைக் குடித்துவிட்டு வருவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. போன வருஷம் ஸ்கூட்டிக்கும் காருக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுக்கப் போனபோது, ஸ்கூட்டியில் எட்டு போட்டுக் காட்டினால்தான் தருவோம் என்றார்கள். போட்டேன். அப்போது எந்தச் சனியும் என்னைப் பிடிக்கவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். பதினாலு வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதையே செய்கிறாள் என்று எத்திராஜ் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவருக்கு முன்பே ஒருநாள் நான் தனியாகப் போய் பால்ராஜ் சாரின் காரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இன்ஜின் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே போனேன். ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. டீசல் வண்டி, பதினோரு வருஷப் பழசு, ஆனால் ஒரே கை, வாங்கியதிலிருந்து சாரிடமே இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை குடும்பத்தோடு தூத்துக்குடி பக்கம் நாசரேத் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்கள். ஆயில் மாற்றியதிலிருந்து கிளட்ச் பிளேட் போட்டது வரை எல்லா ரசீதும் ஒரு ஃபைலில் இருந்தது. சாருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது, அதனால் விற்கிறார். வேலப்பன்சாவடி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். எண்பதில் ஸ்டீயரிங் நடுங்கவில்லை, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கவில்லை. எட்டு என்பதால் மூன்று மாதமாக யாரும் எடுக்காமல் விலையும் இறங்கியிருந்தது. ஊர்க்காரர்களுடைய பயம் எனக்குத் தள்ளுபடியாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சும்மா ஊர் சுற்றுவதற்கு நான் கார் கேட்கவில்லை. என் ஒரே மகள் கிருஷ்ணப்பிரியா பவானியில் இருக்கிறாள். இங்கிருந்து நானூறு கிலோமீட்டர். கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். போன தீபாவளிக்கு முன்னால், ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறி வந்தாள். இடது காது வீங்கியிருந்தது. நாலாம் நாள் எத்திராஜ் அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு போய் அதே வீட்டில் விட்டுவிட்டு வந்தார். ஆண்பிள்ளை என்றால் கோபம் வரத்தான் செய்யும், நீ வாயைக் குறை என்று அவளுக்குத்தான் புத்தி சொன்னாராம். புறப்படும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாசி மாதம் நானே பஸ் ஏறிப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆட்டோவைப் பேசி அவர்கள் வீட்டு வாசலில் நிற்க வைத்தேன். பிரியா பையோடு வாசல்படி வரைக்கும் வந்துவிட்டாள். அதற்குள் மாப்பிள்ளையின் அண்ணன் வந்து ஆட்டோக்காரரைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். அவர் அந்த ஊர்க்காரர், நாளைக்கும் அங்கேயே ஓட்டிப் பிழைக்க வேண்டியவர். என்னிடம் பணம்கூட வாங்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நடுத்தெருவில் நாங்கள் நின்றோம். மாமியார் வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தையை விட்டுவிட்டுப் பிரியா எங்கே வருவாள்? நான் தனியாகத் திரும்பி வந்தேன்.

அந்தப் பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். அடுத்த தடவை அந்த வாசலில் நிற்கிற வண்டி என்னுடையதாக இருக்க வேண்டும், சாவி என் கையில் இருக்க வேண்டும். அவளையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு நான் மிதித்தால், எங்கள் சேக்காடு வந்து சேருகிற வரைக்கும் அது மக்கர் பண்ணக் கூடாது. கூட வேலை பார்க்கும் ரெனிதாவின் காரை ஞாயிறுதோறும் கெஞ்சி வாங்கி, திருவள்ளூர் வரைக்கும் ஓட்டிப் பழகினேன். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்தேன்.

பவானி போய்வர ஒரு கார் வேண்டும் என்று எத்திராஜிடம் சொன்னபோது பெரிய சண்டை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை. வாங்கிவிடலாம், ஆனால் நான்தான் பார்த்து எடுப்பேன், உனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் மனசு இளகிக்கூடப் போனது. மகள் மேல் பாசம் இல்லாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

எட்டைத் தள்ளிவிட்டு அடுத்த ஞாயிறு குமணன்சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெயின் ரோட்டை ஒட்டிப் பழைய கார்கள் விற்கிற இடம். எங்கள் பக்கத்தில் பழைய வண்டி எடுப்பதென்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவனைக் கூட வைத்துக்கொள்வார்கள். அவன் தலையாட்டினால்தான் பேச்சு நடக்கும். சேக்காட்டில் ஷெட் வைத்திருக்கும் மணவாளன் வந்திருந்தான். எத்திராஜை அண்ணாத்தே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன்.

வெள்ளைக் கார். ஆறு, ஒன்று, பூஜ்யம், ஏழு. கூட்டினால் ஐந்து. எத்திராஜுக்கு வாயெல்லாம் பல். தூரப் பயணம் தாங்குமா என்று கேட்டது நான். விற்கிறவன் எத்திராஜைப் பார்த்து, கன்னியாகுமரி வரைக்கும் அலுங்காமல் போகலாம் சார் என்றான். பணம் என்னுடையது, ஓட்டப்போவது நான், கேள்வியும் என்னுடையது. பதில் மட்டும் சாருக்கு.

கதவைத் திறந்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. சின்ன வண்டிக்குள் எதற்கு நாலு வாசனை டப்பா? டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். மாட்டிக்கொள்கிற அளவுக்கு இல்லை, முழுசாக, கடைசி வரைக்கும். கடைசி ஒரு சாண் செம்மண் நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினேன், சேறு உதிர்ந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டால் கம்பியெல்லாம் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் வண்டல். கழுத்தளவு தண்ணீரில் நின்ற வண்டி. வெள்ளம் வந்தபோது எங்கள் எஸ்டேட்டில் இப்படி எத்தனை கார்கள் மிதந்தன என்று பார்த்தவள் நான். மேலே துடைத்துவிடலாம், ஒயருக்குள் ஏறிய ஈரத்தை என்ன செய்வது? என்றைக்கு எந்த ரோட்டில் அணைந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதை அங்கேயே சொன்னேன். விற்கிறவன் காபி கொட்டிய கறை என்றான். பெல்ட்டின் உள்முனையில் காபி குடிக்கிறவன் எவன் என்று கேட்டேன். ஆரம்பித்துவிட்டாள் என்று எத்திராஜ் சிரித்தார். மணவாளனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓடும் அண்ணி" என்றான். எத்திராஜ் போனை எடுத்துத் தன் கணக்கிலிருந்தே பத்தாயிரம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். மீதியைப் புதன்கிழமை நான் தர வேண்டுமாம்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு மணவாளன் ஷெட்டுக்குப் போனேன். கமிஷனுக்காகத்தான் தலையாட்டியிருப்பான், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

"பெல்ட்ட இழுத்துப் பாக்க எனக்குத் தெரியுது. உனுக்குத் தெரியாதா மணவாளா? எம்பொண்ணுக்கோசரம் எடுக்கிற வண்டி அது."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணி, நான் ரெண்டு நாளு முன்னாடியே போய் பாத்துட்டு அண்ணாத்தே கைல சொல்ட்டேன். தண்ணில நின்ன வண்டி, லாங்கு தாங்காது, ஆவடி அம்பத்தூரு ஓட்டலாம், அவ்ளோதான்னு. அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? அதான்டா வோணும், அவ ஸ்ரீபெரும்புதூரத் தாண்டக் கூடாதுன்னாரு. எங்கைல இத்தக் கேட்டேன்னு சொல்லாத அண்ணி."

நான் அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன். பவானி போகிற வழியில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊர் ஸ்ரீபெரும்புதூர். எட்டுக்கு அவர் பயப்படவே இல்லை. பால்ராஜ் சாரின் வண்டி பவானி வரைக்கும் போகும், அதற்குத்தான் பயந்திருக்கிறார். நான் நடுரோட்டில் நின்று போனாலும் பரவாயில்லை, மகள் மட்டும் வந்துவிடக் கூடாது. இப்படி ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொண்டுதான் இரண்டு ஞாயிறும் சட்டை மாட்டிக்கொண்டு என்னோடு கார் பார்க்க வந்தாரா? எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். சோற்றைப் போடாமல் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. யார் சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆமா, சொன்னேன். இன்னா இப்போ? ஊர்ல நாலு பேருக்குப் பஞ்சாயத்து பேசறவன் நான். நாலு ஊட்டுப் பொண்ணுங்களுக்குப் புத்தி சொல்லி, திருப்பி அனுப்பி வெச்சிக்கீறேன். எம்பொண்ணே வந்து ஊட்ல உக்காந்துகினா, நாளைக்கு எவன் எம்பேச்சக் கேப்பான்?"

இருபத்தாறு வருஷமாக நான் அவரை நீங்க என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

"நாலு பொண்ணுங்கள அனுப்பி வெச்சியே, அதுல ஒருத்தியாவது இப்ப எப்டி கீறான்னு போய்ப் பாத்தியா நீ?"

அவர் காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அட்வான்ஸ் திரும்பி வராது என்றார். உலகத்தில் அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லத் தோன்றியது அது ஒன்றுதான். சட்டியை அவர் முன்னாலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

புதன்கிழமை விடிந்ததும் பூந்தமல்லி பஸ் பிடித்தேன். பால்ராஜ் சார் என்னைப் பார்த்ததும் தயங்கினார். நம்பர் விஷயத்தில் வீட்டில் மனஸ்தாபம் ஏதும் வேண்டாமே என்றார். மனஸ்தாபம் எல்லாம் முடிந்துவிட்டது சார், காகிதத்தைக் கொடுங்கள் என்றேன். பணத்தைப் போனிலேயே அனுப்பினேன். பேர் மாற்றுகிற தாள்களில் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிக் கையெழுத்துப் போட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். ஞானசௌந்தரி அம்மா பேசாமல் உள்ளே போய் இட்லியைக் கட்டிக்கொண்டு வந்தார். சார் தானே குனிந்து நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார். வாலாஜாவில் ஒரு தடவை நிறுத்துங்கள், கண் அசந்தால் ஓட்டாதீர்கள், வாசலில் நிற்கும்போது இன்ஜினை அணைக்காதீர்கள் என்றார்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பிரியாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல, குரல் எழும்பவில்லை.

"நான் வரேன் பிரியா. நம்ம வண்டி. நானே ஓட்டிகினு வரேன். மூணு மணிக்குள்ள வாசல்ல நிப்பேன்."

பயந்துவிட்டாளோ, மாசி மாதம் நடந்ததை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்பாவும் வராரா?"

"இல்ல."

எங்கேயோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அவள் குரல் தெளிவாக வந்தது.

"அப்போ வாம்மா. நான் கொழந்தைக்குச் சட்ட போட்டு வெக்கறேன்."